பிரேக்கைத் தேடிய கால்

21 ஜூன் 2024, வெள்ளி. சாட்ஸ்வொர்த், டர்பன்

நாளை புறப்படுகிறோம். குளிர்கால விடுமுறை தொடங்கியதிலிருந்து அண்ணன் மகனுக்கு அபுதாபியின் ஃபெராரி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவைத் தவிர வேறு பேச்சில்லை. எங்கள் வீட்டுக்கு ஃபெராரி என்ற பெயர் புதிதன்று. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ராய் ஹெஸ்கெத் பந்தயத் தடத்தின் வேலியோரம் இளமையைக் கழித்த அப்பா, எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் பிறந்த பந்தய ஓட்டுநர் ஜோடி ஷெக்டர் 1979இல் ஃபெராரி காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற அன்று தெருவெங்கும் இனிப்பு வழங்கினார்.

23 ஜூன் 2024, ஞாயிறு. அபுதாபி

ஃபார்முலா ரோசாவில் ஏறி இறங்கிவிட்டேன். 2010இல் திறக்கப்பட்ட இந்த ரோலர் கோஸ்டரின் வண்டி சிவப்புப் பந்தயக் கார் வடிவில் இருக்கிறது; 16 பேர் அமரலாம். பாலைவன மணல் கண்ணில் அடிக்காமலிருக்க எல்லோருக்கும் கண்ணாடி தருகிறார்கள். அதன் ரப்பர் பட்டையை இறுக்கிவிட்ட மருமகன், "அத்தை, தலையைப் பின்னால் சாய்த்தே வையுங்கள்" என்றான்.

வண்டியில் எஞ்சின் இல்லை. ஹைட்ராலிக் விசையால் சுழலும் உருளை ஒரு கம்பிவடத்தைச் சுருட்ட, அது வண்டியை இழுத்து ஏறத்தாழ ஐந்தே நொடியில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கன்னத்துச் சதை காதுப்பக்கம் ஒதுங்கியது. மூச்சை இழுக்க வாயைத் திறந்தால் காற்றே உள்ளே புகுந்து அடைத்தது. 52 மீட்டர் உயர மேட்டின் உச்சியில் உடல் பஞ்சாகி இருக்கையை விட்டு எழும்பியது. உடலை அழுத்தும் விசை இந்தத் தடத்தில் 4.8 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் 4.8 மடங்கு வரை, போகும் என்கிறார்கள்; அறுபது கிலோ ஆள் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 290 கிலோவாகக் கனப்பார்.

ஆனால் நான் எழுதி வைக்க விரும்புவது வேறு. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். கற்பிக்கும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முதல் வளைவு எதிரே வந்ததும் என் வலக்கால் தானாகவே அதைத் தேடி அழுத்தியது. பாதத்துக்குக் கீழே வெறும் தகடுதான் இருந்தது. பந்தய ஓட்டுநரின் உடல் படும் பாட்டை இந்த வண்டி மெய்யாகவே உணர்த்துகிறது, அதில் எனக்குக் குறையில்லை. எங்கே காலை எடுப்பது, எந்தக் கணத்தில் திருப்புவது என்று அவர் செய்யும் வேலையை மட்டும் தண்டவாளமே செய்துவிடுகிறது.

24 ஜூன் 2024, திங்கள்

கழுத்து வலி. மருமகன் மட்டும் போய் மூன்று முறை ஏறி வந்தான்.

30 ஜூன் 2024, ஞாயிறு. டர்பன்

மனம் ஆறாமல், அவனை அழைத்துக்கொண்டு கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டி ஓட்டப் போனேன். வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. தரையை ஒட்டி அமர்ந்திருந்ததால் தாரின் சிறு பிசிறுகூட முதுகெலும்பில் தெரிந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாததால் ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நான்காவது சுற்றின் கொண்டையூசி வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதித்தேன். வண்டி பின்புறம் சறுக்கி டயர் அடுக்கில் போய் நின்றது. அடுத்த சுற்றில் அதே இடத்துக்குச் சற்று முன்பே பிரேக்கை மிதித்து, உள்விளிம்பை உரசினாற்போல் திருப்பி வெளியே வந்தேன். மருமகன் வேலிக்கு அப்பால் நின்று கைதட்டினான். உள்ளங்கைகள் இரண்டும் கன்றிப்போய்விட்டன; பேனா பிடிக்கவே வலிக்கிறது.