டோலுக்கு இடம் விட்டு மிக்ஸ் செய்வது

பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் 'லவ்வர்' 2021-இல் 'மூன்சைல்ட் எரா' ஆல்பத்தில் வந்த காதல் பாட்டு. 2024 மார்ச்சில் மும்பை மேடையில் ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் அதைத் தில்ஜித்தோடு சேர்ந்து பஞ்சாபியிலேயே பாடினார். "அந்த மாதிரி, வெளிநாட்டிலும் ஓடணும்" என்று ஒரு பாட்டு மிக்ஸிங்குக்கு வந்தால், டோலை (பஞ்சாபி மேளத்தை) குறைத்து 808 பேஸை (ட்ரம் மெஷினின் ஆழ்ந்த பேஸ் ஒலியை) ஏற்றத்தான் முதலில் கை போகும். பாட்டு கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

டோலுக்கு இரண்டு முகம். கனத்த முகத்தை 'டக்கா' என்ற வளைந்த குச்சியாலும், மெல்லிய முகத்தை 'தீலி' என்ற ஒல்லிக் குச்சியாலும் அடிப்பார்கள். டக்கா அடியின் கனம் ஏறத்தாழ 60 முதல் 100 ஹெர்ட்ஸில் நிற்கும்; 808-உம் அங்கேயே வந்து உட்காரும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் காரில் 'கும்'மென்று அடைக்கும், போன் ஸ்பீக்கரிலோ இரண்டுமே காணாமல் போகும். 808-ஐ 60-க்குக் கீழே இறக்கிவிட்டு, டோலை 70 வாக்கில் ஹை-பாஸ் செய்து (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டி), டக்கா விழும்போதெல்லாம் 808 மூன்று நான்கு டெசிபல் தானாகப் பணியும்படி சைட்செயின் கம்ப்ரஸர் போட்டால் போதும். இரு முகத்துக்கும் தனித்தனி மைக் என்றால் ஈக்யூவை (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியை) தொடுவதற்கு முன்பே ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பிக் கேட்டுவிட வேண்டும். பேஸ் இல்லை என்ற புகாரில் பாதி அதிலேயே தீரும்.

அடுத்தது சால், அதாவது பாங்க்ரா என்ற பஞ்சாபி நடன இசையின் தாள நடை. அதில் பதினாறாம் பங்கு அடிகள் சமமாக விழாது, கொஞ்சம் நொண்டும். மென்பொருளின் க்ரிட்டில் நூறு சதவீதம் குவான்டைஸ் செய்தால், அதாவது எல்லா அடியையும் சம இடைவெளிக் கோடுகளில் பொருத்தினால், போலீஸ் பரேடு ஆகிவிடும். டோலின் நடையிலிருந்து க்ரூவ் (அடிகள் விழும் நேர அமைப்பு) எடுத்து ஹை-ஹாட்டை (ட்ரம்ஸின் சிம்பலை) அதற்கு இழுக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மாஸ்டரை (வெளியிடும் இறுதி ஒலிப்பதிவை) -7 லஃப்ஸ் (LUFS, சத்தத்தின் அளவு) வரை நசுக்குவதிலும் லாபமில்லை. ஸ்பாட்டிஃபை அதன் இயல்பான அமைப்பில் -14-க்கு இறக்கிவிடும், மிஞ்சுவது முனை மழுங்கிய தீலி.

குரலில் ஆட்டோட்யூனின் (சுருதி திருத்தும் மென்பொருளின்) ரீட்யூன் வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் முர்க்கிகள் (வேகமான சின்னச் சின்ன ஸ்வர வளைவுகள்) படிக்கட்டாகும். 25, 30-இல் தொடங்கி, நீளமாக நிற்கும் ஸ்வரங்களுக்கு மட்டும் இறுக்கலாம்.

பஞ்சாபி தெரியாத பாடகர் ஒரு வரி பாடுவதாக இருந்தால் ஆங்கில எழுத்தில் எழுதிய வரிகளை நம்பக்கூடாது. பஞ்சாபியில் தொனி மாறினால் பொருள் மாறும். வீட்டைக் குறிக்கும் சொல்லை 'ஜி-எச்' போட்டு 'ghar' என்று எழுதுவார்கள். பஞ்சாபிக்காரர் வாயில் அது வல்லின 'க'வாக, தாழ்ந்த தொனியில் வரும். எழுத்தைப் பார்த்துப் பாடுகிறவர் இந்திக்காரர் போல மூச்சை அழுத்தி 'க்ஹ' என்பார். பஞ்சாபிக்காரர் ஒருவரை முதலில் பேச்சாக, பிறகு மெட்டோடு என்று இரண்டு கைடு ட்ராக் (பாடகர் கேட்டுப் பழகும் மாதிரிப் பதிவு) பதியச் சொல்வது நல்லது. பாடகர் தமிழராக இருந்தால் ஒரு வசதி: 'கர்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தால் எழுத்து சரியாகவே வந்துவிடும், தொனியை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.