வெள்ளை ரோஜாக்களுடன் கார்ப்பஸ் கிறிஸ்டிக்கு

விடியற்காலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு அம்மா பன்னிரண்டு வெள்ளை ரோஜாக்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். முட்களை எல்லாம் முந்தின இரவே கிள்ளி எடுத்திருந்தார். "கல்லறைக்குப் போகிற பூவில் முள் இருக்கக் கூடாது, மிஹா" என்றார். மிஹா என்றால் ஸ்பானிய மொழியில் 'என் மகளே'. அவருக்கு எழுபத்திரண்டு வயது. பிறந்ததும் வளர்ந்ததும் தெற்கு டெக்சஸில். நான் ஹூஸ்டனுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் அவரை அம்மா என்றுதான் அழைக்கிறேன்.

இந்தப் பயணம் என் வேண்டுதல். அதற்குக் காரணம் என் ஒன்பது வயது மகள்.

சென்ற மார்கழியில் பியர்லாந்து மீனாட்சி கோயிலில் அவள் ஒரு தேவாரப் பதிகம் பாடினாள். தாளில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படித்த பாட்டு. 'அத்தா' என்ற சொல் 'அட்டா' என்று விழுந்தது. ஒரு பெரியவர் சிரித்தார். வீடு திரும்பும் வழியில் குழந்தையிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். பொருள் தெரியாமல் ஒப்பிப்பது பாட்டாகாது, அப்படிப் பாடுவதற்குப் பாடாமலேயே இருக்கலாம் என்றேன். அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் வீட்டில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. பின்கட்டு வேலியோரம் நின்று இதை அம்மாவிடம் சொல்லி அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செலினாவும் அப்படித்தான் பாடினாள். தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. டெக்சஸில் இளம் வயதிலேயே இறந்துபோன பாடகி என்று பெயர் தெரியும், சுவரோவியங்களில் முகம் தெரியும். அந்த முகத்துக்குப் பின்னால் இருந்த பெண்ணைத் தெரியாது.

மார்ச் மாத வசந்த விடுமுறை, தவக்காலத்து வெள்ளிக்கிழமை. விக்டோரியா வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். அம்மா ஒப்பவில்லை. செலினா பிறந்த ஊரில் தொடங்கித்தான் அவள் அடங்கிய ஊரான கார்ப்பஸ் கிறிஸ்டிக்குப் போக வேண்டும் என்றார். மீனாட்சி கோயிலுக்குப் போக நான் மாதந்தோறும் எடுக்கும் அதே 288 நெடுஞ்சாலை, இன்னும் தெற்கே நீண்டு லேக் ஜாக்சனில் கொண்டுபோய் விடுகிறது. எத்தனை முறை அந்தச் சாலையில் போயிருக்கிறேன்! அதன் மறுமுனை யாருடைய ஊர் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

1971 ஏப்ரல் 16 அன்று செலினா கின்டனியா லேக் ஜாக்சனில் பிறந்தார். அப்பா ஆபிரகாம் இளமையில் 'லோஸ் டினோஸ்' என்ற குழுவில் பாடியவர். பிறகு குடும்பத்துக்காக டவ் கெமிக்கல் நிறுவனத்தில் வேலைக்குப் போனார். மகளின் குரலைக் கேட்டதும் அவருக்குள் அடங்கிக் கிடந்தது மறுபடி எழுந்தது. அண்ணன் ஏ.பி. கையில் பேஸ் கிட்டார், அக்கா சூசெட் முன்னால் டிரம்ஸ், நடுவில் ஒலிவாங்கியுடன் சின்னப் பெண். 'பாபா காயோஸ்' என்ற உணவகம் திறந்து அங்கேயே ஒரு சிறு மேடை போட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தில் உணவகம் போயிற்று, வீடும் போயிற்று. குடும்பம் கார்ப்பஸ் கிறிஸ்டிக்குப் பெயர்ந்தது. திருமணம், திருவிழா, தெருமுனை என்று கூப்பிட்ட இடமெல்லாம் பழைய பஸ் ஒன்றில் போய்ப் பாடினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக ஒரு குழந்தை பாடியிருக்கிறாள். அதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

குடும்பத்தில் பேசிய மொழி ஆங்கிலம். தெஹானோ இசைக்கோ ஸ்பானிய மொழி வேண்டும். டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. அன்றே அங்கு வேர்விட்டிருந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள் தெஹானோக்கள். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய உழவர்கள் கொண்டுவந்த அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தையும் போல்கா ஆட்டத்தின் நடையையும் வாங்கி, பன்னிரண்டு தந்திகள் கொண்ட 'பாஹோ செக்ஸ்தோ'வுடன் சேர்த்து இவர்கள் தங்களுக்கென்று ஓர் இசையை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த இசையைப் பாட, அப்பா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க, செலினா வாயால் பிடித்தார். பொருள் பின்னால் வந்தது. சரளமாகப் பேச வந்தது இன்னும் வெகு பின்னால். லிடியா மெண்டோசா, லாரா கனாலெஸ் போன்ற பெண்கள் முன்பே பாடியிருந்தும் அது ஆண்களின் மேடையாகவே இருந்தது. பெண் பாடினால் ஓடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் பலர். 1987இல் தெஹானோ இசை விருதுகளில் சிறந்த பாடகி விருது அவர் கைக்கு வந்தது. அப்போது வயது பதினைந்து.

பே சிட்டி, போர்ட் லவாக்கா, ராக்போர்ட் என்று 35ஆம் சாலை கடலை ஒட்டிப் போகிறது. சாலையோரம் காட்டுப்பூக்கள். வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, அம்மா கொண்டுவந்திருந்த கபிரோதாதாவைச் சாப்பிட்டோம். தவக்காலத்தில் மட்டும் செய்வார்கள். காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய வெல்லப்பாகில் ஊறவைத்து, உலர்ந்த திராட்சையும் பாலாடைக்கட்டியும் அடுக்கி வேகவைத்தது. 'பிலோன்சியோ' என்று கூம்பு வடிவில் விற்கும் அந்த வெல்லத்தின் வாசனை அப்படியே எங்கள் ஊர்ப் பனிக்காலத்து ஆலைக் கொப்பரையின் வாசனை. ரொட்டி கிறிஸ்துவின் உடல், பாகு அவருடைய இரத்தம், கிராம்பு சிலுவையில் அறைந்த ஆணி என்று அம்மா என் மகளுக்குச் சொன்னார். அவள் கிராம்பை மட்டும் எடுத்து ஒதுக்கிவைத்தாள்.

அங்கேதான் அம்மா தன் கதையையும் சொன்னார். ஆறு வயதில், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் கேட்டாராம், ஸ்பானிய மொழியில். உள்ளங்கையில் மரச்சட்டத்தால் மூன்று அடி. 1960கள் வரையிலும் டெக்சஸ் பள்ளிகளில் இது நடந்தது. அந்த அடியை நினைத்தே தன் மகளுக்கு அவர் ஸ்பானிய மொழி சொல்லிக்கொடுக்கவில்லை. "அவளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். என் மொழி என்னோடு போய்விடும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தேன்." பிறகு 1992இல் 'கோமோ லா ஃப்ளோர்' வந்தது. 'மலரைப் போல' என்று பொருள். பதினோரு வயது மகள் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, சொல் சொல்லாக வாயால் பிடித்துப் பாடினாள். ஒரு நாள் சமையலறைக்கு வந்து, "இதில் 'மர்ச்சித்தோ' என்றால் என்ன அம்மா?" என்று கேட்டாள். வாடியது என்று அம்மா சொன்னார். தாயும் மகளும் ஸ்பானிய மொழியைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பாலத்தின் மேல் ஏறியதும் கார்ப்பஸ் கிறிஸ்டி விரிந்தது. 'கிறிஸ்துவின் திருவுடல்' என்ற பெயர் கொண்ட ஊர். மேட்டின் மேல் பேராலயம், கீழே வளைகுடா. அம்மா ஆலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். செலினா கத்தோலிக்கர் அல்லர். யெகோவாவின் சாட்சிகள் சபையில் வளர்ந்தவர். அந்தச் சபை உருவங்களை வணங்குவதில்லை. "தெரியும். இது அவளிடம் கேட்பதற்காக இல்லை, அவளுக்காகக் கேட்பதற்கு" என்றார் அம்மா. எனக்கும் அது வழிகாட்டிற்று. சிலையின் முன் கைகூப்ப வேண்டாம், பூவை மட்டும் வைப்போம் என்று மகளிடம் சொன்னேன். ஒருவரைப் போற்றப் போகிறோம் என்றால், அவர் எதை நம்பினார் என்பதற்கும் மரியாதை தர வேண்டும்.

கடற்சுவர் நம் படித்துறை போல் படிப்படியாகத் தண்ணீரில் இறங்குகிறது. அதன் மேல் இருக்கிறது 'மிராடோர் தெ லா ஃப்ளோர்', மலரின் பார்வை மாடம். 1997இல் திறந்தார்கள். ஆள் உயர வெண்கலச் செலினா, ஒரு தூணில் சாய்ந்து, கையில் ஒலிவாங்கியுடன் நிற்கிறார். உப்புக்காற்று ஓயாமல் அடிக்கிறது. அங்கே நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையின் காதில் ஏதோ பாடிக்காட்டினாள். ஒருவரும் உரத்துப் பேசவில்லை. போரில் பட்டவனுக்குக் கல் நட்டு மாலை சூட்டிய வழக்கம் நம்முடையது. பாடிப் பட்ட பெண்ணுக்கு இந்த ஊர் கல் நட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

லெப்பர்ட் தெருவில் குடும்பத்தின் ஒலிப்பதிவுக்கூடம் இருக்கும் கட்டடத்திலேயே அருங்காட்சியகமும். சிவப்புப் போர்ஷே கார், மேடை உடைகள், அவர் ஆசையாகச் சேர்த்த அலங்கார முட்டைகள், 1994இல் 'லைவ்!' தொகுப்புக்குக் கிடைத்த கிராமி இசை விருது. தெஹானோ இசையில் கிராமி பெற்ற முதல் பெண் அவரே. உடைகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். உடை வரைவதும் தைப்பதும் மணிகள் ஒட்டுவதும் அவருக்குப் பாட்டுக்குச் சமமான ஆசை. 1994இல் கார்ப்பஸ் கிறிஸ்டியிலும் சான் அன்டோனியோவிலும் சொந்தக் கடைகளே திறந்தார். கிராமி வாங்கிய பிறகும் மொலினா என்ற உழைப்பாளர் குடியிருப்பில், அப்பா அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்தான் கணவர் கிறிஸ் பெரெஸோடு வாழ்ந்தார்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது ஓர் ஒலிவாங்கி. 1995 பிப்ரவரி 26 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அவர் பிடித்துப் பாடியது. அதன் வலைக்குமிழில் உதட்டுச்சாயத்தின் கறை இன்னும் இருக்கிறது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடிய அரங்கில், ஊதா நிற உடையில் அவர் பாடிய இரவு. கூட்டத்தில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். அம்மா கண்ணாடிக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார். "அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பாடியிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து, மார்ச் 31 அன்று, செலினா சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 23. ரசிகர் மன்றத்தை நடத்திய, அவர் நம்பியிருந்த பெண்ணே சுட்டாள். அந்தப் பெயரை அம்மா உச்சரிப்பதில்லை, நானும் எழுதவில்லை. சம்பவம் நடந்த விடுதி இருக்கும் சாலையைத் தவிர்த்து, சுற்றுவழியில் எங்களைக் கல்லறைக்கு அழைத்துப் போனார். ஏப்ரல் 2 அன்று கடற்கரையோர மண்டபத்தில் உடலை வைத்திருந்தார்கள். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்றார்கள். அன்று செலினாவின் மூன்றாவது திருமண நாள். வரிசையில் நின்ற அம்மாவுக்கு அது பிறகுதான் தெரிந்ததாம். இன்றும் அதைச் சொல்லும்போது குரல் உடைகிறது.

சீசைடு நினைவுப் பூங்காவில் தாழ்வான வேலிக்குள் இருக்கிறது கல்லறை. வெண்கலத்தில் அவர் முகம். ஏசாயா 25ஆம் அதிகாரத்து 8ஆம் வசனத்தைப் பொறித்திருக்கிறார்கள்: மரணம் என்றென்றைக்கும் விழுங்கப்படும், எல்லா முகங்களிலிருந்தும் கண்ணீர் துடைக்கப்படும் என்ற வாக்கு. வெள்ளை ரோஜா அவருக்குப் பிடித்த பூ. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, என் மகள் ஒவ்வொன்றாக வைத்தாள். ஏற்கெனவே நிறையப் பூக்கள் இருந்தன. சில அன்று காலையில் வைத்தவை, இன்னும் ஈரம் காயவில்லை. இறந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும்!

அவர் போன பிறகு ஜூலையில் வந்த 'டிரீமிங் ஆஃப் யூ' அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தது. பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் அமைந்த ஒரு தொகுப்புக்கு அது அதற்கு முன் நடந்ததில்லை. டெக்சஸ் அவர் பிறந்தநாளைச் செலினா நாள் என்று அறிவித்தது. 2011இல் அஞ்சல் தலை, 2017இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம், 2021இல் கிராமி வாழ்நாள் சாதனை விருது, 2024இல் தேசியக் கலைப் பதக்கம். எல்லாம் தகும். அம்மாவுக்கு இவற்றில் பாதி தெரியாது. அவருக்குத் தெரிந்தது சமையலறையில் மகள் கேட்ட ஒரு சொல். இப்போது பேரப்பிள்ளைகளும் அவரோடு ஸ்பானிய மொழியில் பேசுகிறார்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. போர்ட் லவாக்கா பாலம் தாண்டியிருப்போம். பின்னிருக்கையில் தூங்கிவிட்டாள் என்று நினைத்த மகள் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டில் 'அட்டா' என்று வருமே, அது அத்தையா?"

"இல்லை கண்ணே. அத்தா. அப்பா என்று அர்த்தம். சாமியை அப்பா என்று கூப்பிடுகிறார்."

என்ன கேட்டாள் என்று அம்மா என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்: "அத்தா." நாக்கு மேல்பல்லைத் தொட்டது. ஸ்பானிய நாக்குக்கு அந்த 'த' தானாகவே வருகிறது, ஒரு குறையும் இல்லாமல்.

"இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று பின்னாலிருந்து என் மகள் முன்னே சாய்ந்தாள். அம்மா திரும்பி, தன் வாயை அவள் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, மெதுவாக இன்னொரு தடவை சொன்னார்.