மாட்டின் பல்லை நானே காட்டினேன்

வீடு மாற்ற ஆறு வாரம் இருந்தது. போகிற வீடு இருக்கிற வீட்டில் பாதிதான். அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றே தெரிந்துவிட்டது, பாதிச் சாமான் நம்மோடு வராது. விற்கலாம் என்றால் ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசப் பொறுமை இல்லை. குப்பையில் போட மனசும் இல்லை. சரி, எங்கள் பகுதியில் பொருள்களைச் சும்மா கொடுத்து வாங்குகிற இணையக் குழு ஒன்று இருக்கிறதே, அதில் போடலாம் என்று சேர்ந்தேன்.

முதலில் போட்டது புத்தக அலமாரி. படத்தை எடுத்து, "நல்ல நிலையில் உள்ள புத்தக அலமாரி. இலவசம்" என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இருபதுக்கும் மேல் மெசேஜ். பாதிக்கு மேல் "இருக்கா?" என்ற ஒற்றை வார்த்தை. முதலில் கேட்டவருக்கே தருவதுதான் நியாயம் என்று நினைத்து அவருக்குச் சொன்னேன். சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார். சனி போனது, ஞாயிறும் போனது, ஆள் வரவில்லை, பதிலும் இல்லை. இரண்டாவது ஆள் வண்டி எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். கீழ்த்தட்டைத் தடவிப் பார்த்தார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. ஒரு மழைக்கு ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கி, ஒரு முனை உப்பியிருந்தது. அப்படி உப்பினால் காய்ந்தாலும் பழையபடி ஆகாது. "நல்ல நிலைன்னு போட்டிருந்தீங்களே" என்றார். கோபமாகக்கூட இல்லை. வண்டிச் செலவை யோசித்தபடி சொன்ன மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கூச்சமாகிப் போனது.

அன்று ராத்திரி பதிவை எடுத்துவிடலாம் என்று போனபோது, குழுவைப் பார்த்துக்கொள்கிற பெண் உள்பெட்டியில் எழுதியிருந்தார். "அக்கா, குறையை முதல் வரியிலேயே எழுதிடுங்க. வேண்டாதவங்க தானா போயிடுவாங்க. முதல்ல கேட்டாங்கன்னு கொடுக்காதீங்க, ஒருநாள் சிம்ல வைங்க."

சிம்மில் வைப்பது என்றால் என்ன என்று தேடிப் போய்த்தான் இதற்கெல்லாம் ஒரு சரித்திரம் இருப்பது தெரிந்தது. 2003 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், டெரான் பீல் என்பவர் நண்பர்களுக்கும் சில தொண்டு அமைப்புகளுக்கும் அனுப்பிய ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது ஃப்ரீசைக்கிள் என்கிற, பொருள்களைச் சும்மா கொடுத்து வாங்குகிற அமைப்பு. நல்ல பொருள் குப்பை மேட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் அதன் கவலை. பத்து வருஷம் கழித்து, 2013 ஜூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லர், லீசல் கிளார்க் என்ற இரண்டு தோழிகள் பை நத்திங், அதாவது 'எதையும் வாங்காதே', என்று இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்தார்கள். அங்கே பொருளைவிட அக்கம்பக்கத்துப் பழக்கம் முக்கியம். சிம்மில் வைக்கிற வழக்கமும் அங்கே பேர்போனது: பதிவைக் கொஞ்சநேரம் அப்படியே விட்டுவைத்து, வருகிற பதில்களைப் படித்துவிட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பது. நாள் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கும் இதில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. முந்தினவனுக்கே என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கு எப்போதும் மிச்சம்தானே.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். வாங்குகிறவருக்குச் சொன்னது அது. பார்க்க அவருக்குக் கூச்சமாக இருக்கும் என்றால், பல்லைத் திறந்து காட்ட வேண்டியது மாட்டுக்காரர்தான் என்று எனக்குப் பட்டது.

அடுத்துப் போட்டது கால்மிதித் தையல் மெஷின். இந்த முறை இப்படி எழுதினேன்: "பழைய தையல் மெஷின். தோல் பெல்ட் தொய்ந்துவிட்டது, மிதித்தால் வழுக்குகிறது. அடிநூல் கண்டு உட்காருகிற பாபின் கேஸ் இல்லை. மேஜையில் இஸ்திரிப் பெட்டி வைத்த கருப்புத் தழும்பு இருக்கிறது. கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நாளை மாலைதான் யாருக்கு என்று சொல்வேன்." தழும்பை அருகில் போய் ஒரு படம் எடுத்தேன். படத்தில் பின்னால் சுவரில் குழந்தையின் பள்ளி அட்டவணை தொங்கியது தெரிந்ததும் அதைக் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தேன். இது சின்ன விஷயம் இல்லை. கதவு எண், பள்ளிப் பேர் எல்லாம் நாம் கவனிக்காமலேயே படத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

ஐந்தே பேர்தான் கேட்டார்கள். அதில் ஒருவர் அலங்காரத்துக்கு, கால்களை மட்டும் வைத்துக்கொண்டு மேலே கண்ணாடி போடப்போவதாக எழுதினார். அதிலும் தப்பில்லை. ஆனால் இன்னொருவர், "பெல்ட்டை நான் வெட்டிப் போட்டுக்குவேன், பாபின் கேஸ் கைவசம் இருக்கு" என்று எழுதியிருந்தார். அதற்குமேல் நான் என்ன தேர்ந்தெடுக்க?

அறுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு, மகனோடு வந்தார். வந்ததும் மெஷினைத்தான் பார்த்தார், என்னை அப்புறம்தான். சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசி இறங்கி ஏறுகிற இடத்தில் காதை வைத்துக் கேட்டார். கைப்பையிலிருந்து ஒரு துணிச் சுருக்குப்பையை எடுத்து, அதிலிருந்து பாபின் கேஸை எடுத்துப் பொருத்தினார். க்ளிக். "உட்காருது" என்றார் மகனிடம். பெல்ட்டின் இணைப்புக் கம்பியைக் கழற்றி, விரல் அகலத்துக்குத் தோலை வெட்டி, புது ஓட்டை குத்தி, கம்பியை மாட்டி இடுக்கியால் நெருக்கினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மிதித்தார், ஓடியது. "ஏம்மா, இப்பவும் கொடுக்கணுமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு நொடி எனக்கே ஆசை வந்தது, பொய் சொல்வானேன். புது வீட்டின் அளவு ஞாபகம் வந்து, "எடுத்துட்டுப் போங்கம்மா" என்றேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. ஃபிரிட்ஜ் எடுத்தவர்களிடம் நிமிர்த்தியே கொண்டுபோங்கள் என்று சொன்னேன். சாய்த்துக் கொண்டுபோனால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் இறங்கிவிடும், நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. பழைய போனில்தான் நான் ஏமாந்தேன். ரீசெட் செய்தேன், துடைத்தேன், கொடுத்தேன். மறுநாள் எடுத்தவர் எழுதுகிறார், திறந்ததும் என் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறதாம். முதலில் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அப்புறம் ரீசெட் செய்திருக்க வேண்டும். அவர் மறுபடி கொண்டுவந்தார், வாசலில் நின்றபடியே சரிசெய்து கொடுத்தேன். லேப்டாப்பில் அந்த வம்பே வேண்டாம் என்று டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, "டிஸ்க் இல்லாமல்" என்றே போட்டேன். கோப்புகளை அழித்தால் மட்டும் அவை உண்மையில் போய்விடுவதில்லை, மீட்டெடுக்கிற மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன.

கொடுக்காமல் வைத்ததும் ஒன்று உண்டு. குழந்தைக்கான கார் இருக்கை. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் அது காரில் இருக்கும்போது ஒரு மோதல் நடந்தது. உள்ளே பிளாஸ்டிக் எங்காவது விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. அந்த இருக்கைகள் பலவற்றில் காலாவதித் தேதியும் அச்சிட்டிருப்பார்கள், எங்களுடையதில் அது முடிந்தும் விட்டது. இது முதல் வரியில் எழுதிவிட்டுக் கொடுக்கிற குறை இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துப் போவார்கள். வார்களை வெட்டி, உடம்பில் பெரிய எழுத்தில் "பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதித்தான் வெளியே வைத்தேன். ஒரு பக்கத் தடுப்பு கீழே இறங்குகிற பழைய குழந்தைக் கட்டில் ஒன்றும் பரணில் இருந்தது. அந்தப் பக்கம் கழன்று குழந்தைகள் சிக்கிக்கொண்டதால் 2011-இல் அமெரிக்காவில் அந்த வகைக் கட்டில் விற்பனையையே தடை செய்தார்கள். அதையும் பிரித்துக் கட்டைகளாகத்தான் கொடுத்தேன், செடிக்கு முட்டுக்கொடுக்க.

வராமல் போனவர்கள்? நாலு பேர். அதற்கும் ஒரு வழி பிடிபட்டது. "நாளைக்குள் நேரம் சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு" என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுவேன். கோபித்துக்கொண்டது ஒருவர்தான். பொருள் போனதும் பதிவில் "எடுத்தாயிற்று" என்று மாற்றிவிடுவதும் அவசியம். ஒருமுறை மறந்துவிட்டு ஒரு வாரம் பதில் சொல்லியே ஓய்ந்தேன்.

இத்தனைக்கும் நடுவில் அந்த அலமாரி கூடத்திலேயே நின்றது. கடைசி வாரம் மறுபடி போட்டேன்: "கீழ்த்தட்டு ஈரத்தில் உப்பியது. மற்ற நான்கும் நேராக இருக்கின்றன." ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். மாடிப்படிக்குக் கீழே வைக்கப் போகிறாராம், அங்கே நான்கு தட்டு உயரத்துக்குத்தான் இடம். ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, கால்களை அந்த அளவுக்குக் குறைக்கக் கோடு போட்டுக்கொண்டார். போகும்போது உப்பிய தட்டை மட்டும் சுவரில் சாய்த்து வைத்தார். "இது எனக்கு ஆகாது மேடம், வெச்சுக்குங்க."

சாமான் வண்டி வர இரண்டு நாள். அந்தத் தட்டையும் படம் எடுத்தேன். "பலகை ஒன்று. மூன்றடி நீளம். ஒரு முனை உப்பியது, வெட்டிவிட்டால் இரண்டரை அடி தேறும்." மாலைக்குள் ஒரு பதில் வந்திருந்தது: "உப்பின பக்கம் எவ்வளவு தடிமன்? பூனைக்குச் சாய்வுப் பலகை செய்யணும், ஒரு பக்கம் தூக்கலா இருந்தா நல்லதுதான்."

ஸ்கேலைத் தேடினேன். அதை முந்தின நாளே யாருக்கோ கொடுத்திருந்தேன்.