காலில் லாடம் கட்டிய கதை

காலில் டம்பெல்லை மாட்டிக்கொண்டு பயிற்சி செய்ய ஒரு அட்டாச்மென்ட் வாங்கினேன். வாங்கியதிலிருந்து அது உருப்படியாக உதவ ஆரம்பிக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் நிஜமாகக் காலைத் தூக்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் தேறாது. மீதியெல்லாம் கஸ்டமர் கேர், பெரியமேடு, கீழ்வீட்டுக்காரர்.

ஷட்டில் ஆடும்போது வலது பின்தொடையில் சுளுக்கு. வலி போய்விட்டது, பலம் வரவில்லை. குப்புறப் படுக்க வைத்து, குதிகாலைக் கையால் அழுத்தியபடி "மடக்குங்க சார்" என்றார் பிசியோ மேடம். இடது கால் அவர் கையைத் தள்ளிக்கொண்டு வந்தது; வலது கால் பாதியில் நடுங்கி நின்றது. கணுக்காலைச் சுற்றிக் கட்டும் எடைப் பட்டையில், அதாவது ஆங்கிள் வெயிட்டில், ஆரம்பித்து 4 கிலோ வரை வந்தேன். அதற்கு மேல் கடையில் இருந்தது எல்லாம் கெண்டைக்காலைச் சுற்றி ஒரு தலையணை கட்டியது மாதிரி இருந்தது. ஜிம்மில் காலை மடக்கி எடை தூக்கும் லெக் கர்ல் மெஷின் உண்டு, ஆனால் "கேபிள் வரணும் சார்" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மேடம் இந்த அட்டாச்மென்ட்டைப் பற்றிச் சொன்னார். ஷூவுக்கு அடியில் ஒரு தட்டு, அதன் குறுக்கே டம்பெல்லின் கைப்பிடி, மேலே பட்டைகள். அவ்வளவுதான் சாமான்.

இது புதுசு என்று நினைத்தேன். இல்லையாம். இரண்டாம் உலகப் போரில் முட்டி அடிபட்டு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் டெலோர்ம் என்ற டாக்டர் இரும்புக் காலணியில் எடை மாட்டிப் பயிற்சி கொடுத்து, 1945இல் அதைக் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார். லேசான எடையை நூறு தடவை ஆட்டாதே, கனமான எடையை எண்ணி எண்ணித் தூக்கு, வாரா வாரம் கூட்டு என்பதுதான் அவர் வழி. இன்றைக்கும் ஜிம்மில் நாம் ஓதும் 'பத்து பத்தாக மூன்று செட்'டுக்கு அவரும் ஒரு காரணம்.

பெட்டியைப் பிரித்ததும் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "என்னது, லாடமா?" அன்றிலிருந்து வீட்டில் அதற்கு லாடம் என்றே பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் அடி உடனே விழுந்தது. வீட்டில் இருந்த 2 கிலோ டம்பெல் லாடத்தில் உட்காரவில்லை. தட்டின் அகலம் 11 செ.மீ., டம்பெல்லின் இரண்டு குண்டுகளுக்கும் நடுவில் கைப்பிடி இருந்ததோ 10 செ.மீ. 'எல்லா டம்பெல்லுக்கும் பொருந்தும்' என்று படத்துக்குக் கீழே போட்டிருந்ததை நம்பியது என் தப்பு. வாங்குவதற்கு முன்னால் ஸ்கேலை எடுத்து இரண்டு குண்டுக்கும் நடுவே அளந்துகொள்ளுங்கள். அதோடு கைப்பிடியின் பருமனையும் பாருங்கள். இந்த இரண்டாவது விஷயத்தை நான் பார்க்காமல் விட்டதற்குத் தனியாக ஒரு அலைச்சல் இருக்கிறது, சொல்கிறேன்.

சரி, பரணில் பழைய டம்பெல் கம்பி கிடக்கிறதே, தட்டு மாட்டி இரண்டு பக்கமும் நட்டு திருகுகிற வகை, அதைப் போடலாம் என்று இறக்கினேன். உட்கார்ந்தது. ஆனால் கம்பி நீளம். காலை மடக்கி இறக்கும்போதெல்லாம் உள்பக்கத்து முனை நிற்கிற காலின் கணுக்காலில் இடித்தது. இரண்டு நாளில் கணுக்கால் எலும்பு மேல் தோல் உரிந்துவிட்டது. மூன்றாம் நாள் ஏழாவது தடவை மடக்கி இறக்கும்போது 'கிரிக்' என்று ஒரு சத்தம். நட்டு தானாகக் கழன்று வந்திருந்தது. கையில் தூக்கும்போது நட்டு கண்ணுக்கு முன்னால் இருக்கும், தளர்ந்தால் தெரியும். காலில் மாட்டினால் அது நம் முதுகுக்குப் பின்னால் ஆடுகிறது. 2.5 கிலோ தட்டு விழுந்து, ஒரு டைல்ஸ் மூலையிலிருந்து மூலைக்கு விரிந்தது. எடை ஒரு பக்கம் போனதும் லாடம் சாய்ந்து காலையும் திருகியது. நல்லவேளை, சுவரைப் பிடித்திருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்துவிட்டார். "என்ன சார், அம்மி போட்டீங்களா?" என்றார். காலில் லாடத்தோடு கதவைத் திறந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் இறங்கிப் போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

திருகு நட்டு வைத்த கம்பியை இதில் மாட்டவே மாட்டாதீர்கள். ஒரே துண்டாக வார்த்த டம்பெல் மட்டும்தான்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். எடுக்க வந்த பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு சார், ஆப் எடுக்க மாட்டேங்குது" என்றான். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது என்பதை நான் அவனுக்குச் செய்தே காட்டினேன். பாவம், அவன் என்ன செய்வான். கஸ்டமர் கேரில் பேசிய பெண் நான்கு முறை மன்னிப்புக் கேட்டார், பணம் மட்டும் வரவில்லை. 2,400 ரூபாய். அடுத்த முறை பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைப்பேன்.

அப்புறம் பெரியமேடு. நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, டம்பெல் கிலோ கணக்கில் விற்பார்கள். பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் போய், அறுகோணத் தலை வைத்த 5 கிலோ டம்பெல் ஒன்றை, கைப்பிடி நீளத்தை ஒழுங்காக அளந்து, வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் லாடத்தின் கொக்கி மூடவில்லை. கைக்கு வாகாக இருக்கட்டும் என்று அந்தக் கைப்பிடியை நடுவில் உப்பலாகச் செய்திருக்கிறார்கள். காலுக்கு யார் வாகு பார்த்தார்கள்? மறுநாள் லாடத்தையும் ஷூவையும் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் போனேன். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூவை மாட்டி, ஒவ்வொரு டம்பெல்லாகப் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சார், இது கைக்கு" என்றார். நேர்க்கைப்பிடி வைத்த 3 கிலோவும் 5 கிலோவும் கிடைத்தன. பழையதை மாற்றிக் கொடுத்ததற்கு அவருக்கு நன்றி. பஸ்ஸில் 8 கிலோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பஞ்சாயத்து அம்மாவோடு. இந்த மாதிரிச் சாமானைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஷூ போட்டவனை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். நாம் வீட்டில் வெறுங்கால். வெறுங்காலில் கட்டினால் பட்டை புறங்காலை அறுக்கிறது, கம்பி உள்ளங்காலில் குத்துகிறது. ஷூவோடு ஹாலுக்கு வந்தால், "பூஜை ரூமுக்கு நேரா செருப்புக் காலோட நிக்கிறியே" என்று அம்மா. கடைசியில் ஒரு கேன்வாஸ் ஷூ புதிதாக வாங்கி, தெருவில் ஒரு முறைகூடப் போடாமல், பீரோவுக்குள் சட்டைகளோடு வைத்திருக்கிறேன். அதற்கு அனுமதி உண்டு. ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. மெல்லிய, தட்டையான அடி உள்ள ஷூவில்தான் லாடம் அசையாமல் உட்காருகிறது. ஓடுகிற ஷூவின் மெத்தையான அடியில் அது ஊசலாடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறை பாக்கி. நின்றபடி காலைப் பின்னால் மடக்கும்போது, கெண்டைக்கால் தரைக்கு இணையாக வருகிற இடத்தில், லாடம் விரல் பக்கமாக வழுக்கியது. யோசித்தால் நியாயம்தான். அந்த நிலையில் உள்ளங்கால் சுவர் மாதிரி நிற்கிறது, விரல்கள் தரையைப் பார்க்கின்றன. எடை கீழே இழுத்தால் லாடம் விரல் வழியாகக் கழன்றுதான் போகும். அதைப் பிடித்து நிறுத்தக் குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை வேண்டும். என் லாடத்தில் புறங்கால் மேல் இரண்டு பட்டை, குதிகாலுக்கு ஒன்றுமில்லை.

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனேன். என்ன சாமான் என்று அவர் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் இழுக்குது?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வாரத்தில் யாரும் கேட்காத சரியான கேள்வி அது. விரலால் காட்டினேன். பழைய ஸ்கூல் பையிலிருந்து ஒரு நைலான் பட்டையை வெட்டி, முனையை மெழுகுவர்த்தியில் காட்டிக் கருக்கி, தட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தி, நூலில் மெழுகு தேய்த்து, முதலில் சதுரமாகவும் அதற்குள் குறுக்காகவும் தைத்தார். தைத்ததும் பட்டையைத் தன் கட்டைவிரலில் சுற்றி, லாடத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். "இது போவாது சார். அந்தப் பழைய பட்டைதான் போவும்" என்றார். 80 ரூபாய். 2,400 ரூபாய் சாமானை வேலை செய்ய வைத்தது அதுதான்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. ஜோடியாக வாங்க வேண்டாம், ஒன்று போதும், கால் மாற்றி மாற்றிக் கட்டலாம். டம்பெல் உள்ளங்காலுக்குக் கீழே இருப்பதால், நிற்கிற காலுக்கு அடியில் உயரம் வேண்டும். நான் முதலில் மணைப்பலகையைப் போட்டு வழுக்கினேன். இப்போது அகலமான மரப்பலகை, அடியில் பழைய டயர் ரப்பர். கை எப்போதும் சுவரில். ஆங்கிள் வெயிட்டில் 4 கிலோ தூக்கினேன் என்று இதிலும் 4 கிலோவில் ஆரம்பிக்காதீர்கள். எடை கணுக்காலைத் தாண்டி உள்ளங்காலுக்கும் கீழே போவதால் முட்டியிலிருந்து தூரம் கூடுகிறது, அதே கிலோ அதிகமாகக் கனக்கும். லாடத்துக்கும் எடை உண்டு. சமையலறைத் தராசில் வைத்தேன், 850 கிராம். நான் 3 கிலோ போட்டே திணறினேன்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும் பயிற்சிக்கும் இதே லாடம் உதவும். கால் தொங்கும்போது பாரமே தெரியாது, முழுதாக நீட்டும்போதுதான் மொத்தமும் முட்டியில் ஏறும். அதனால் வேகமாக உதறி நீட்டத் தோன்றும், உதறக் கூடாது. முட்டியில் தசைநார் ஆபரேஷன் ஆனவர்கள் பிசியோவைக் கேட்காமல் இந்தப் பயிற்சி பக்கமே போக வேண்டாம் என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னார்.

போன வாரம் மறுபடியும் குப்புறப் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார். வலது கால் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. அவர் கையைத் தள்ளிக்கொண்டு கடைசி வரை வந்தது. "இடது அளவுக்கு வர இன்னும் கொஞ்சம் பாக்கி" என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து 5 கிலோவை மாட்டி வலது காலில் பத்து எண்ணினேன். பத்தாவது கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் பத்து.

விரிந்த டைல்ஸ் மேல் இப்போது ஒரு மிதியடி கிடக்கிறது. வீட்டு ஓனர் இன்னும் பார்க்கவில்லை.