கிளைடர் லாகரிலிருந்து ஃபைலை எடுப்பது: என் அனுபவம்

கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானத்தில், டயமண்ட் கோல் (இலக்கு) என்ற சாதனை பேட்ஜுக்காக 300 கிலோமீட்டர் முக்கோணம் ஒன்று பறந்தேன். சுற்றித் திரும்ப வேண்டிய இடங்களை, அதாவது திருப்புமுனைகளை, புறப்படும் முன்பே அறிவித்துவிட்டு, அதே வரிசையில் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டிய பயணம் அது. பறப்பதைப் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசுவார்கள், எழுதுவார்கள். இறங்கின பிறகு லாகரிலிருந்து, அதாவது பயணத்தைப் பதிவு செய்யும் கருவியிலிருந்து, ஃபைலை எடுக்கிற வேலையைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஃபைல் சரியில்லை என்றால் பேட்ஜ் கணக்கில் அந்தப் பயணமே கிடையாது. அதனால்தான் அந்த வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கிளப் கிளைடரில் இருக்கும் லாகர் கொஞ்சம் பழையது. கருவிப் பலகையின் ஓரத்தில் பொருத்திய சின்னப் பெட்டி. ஜிபிஎஸ் ரிசீவர், காற்றழுத்த உணரி, மெமரி எல்லாம் அதற்குள்ளேயே. சர்வதேச கிளைடிங் கமிஷன், அதாவது ஐஜிசி, அங்கீகரித்த மாடல் என்பதால் அதன் பதிவை பேட்ஜுக்கு ஏற்றுக்கொள்வார்கள். போனில் இருக்கும் ஆப்பும் அழகாகத் தடம் வரையும்தான். ஆனால் டயமண்டுக்கு அது செல்லாது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

தரையிறங்கி கிளைடர் நின்றதும் கை தானாக மாஸ்டர் சுவிட்சுக்குத்தான் போகும். அன்று எனக்குப் பார்வையாளராக, அதாவது பயணத்தை உறுதி செய்து சான்றளிப்பவராக, இருந்தவர் கிளப்பின் மூத்த விமானி ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனபியைத் திறப்பதற்குள் இறக்கைப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்: “கரண்டை அணைக்காதீங்க, பெட்டி தன் வேலையை முடிக்கட்டும்.”

பெட்டிக்கு அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். கிளைடர் நின்றுவிட்டது என்பது லாகருக்கு உடனே தெரியாது. வேகம் இல்லை, உயரம் மாறவில்லை என்பதைச் சில நிமிடங்கள் பார்த்த பிறகுதான் பயணம் முடிந்தது என்று முடிவெடுத்துப் பதிவை மூடும். மூடும்போது முழுப் பதிவுக்கும் ஒரு டிஜிட்டல் கையொப்பத்தைக் கணக்கிடும். எங்களுடையது போன்ற பழைய கருவியின் சிப்புக்கு அது லேசான கணக்கு இல்லை. நடுவில் மின்சாரம் போனால் எல்லாக் கருவியிலும் பதிவு கெட்டுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு மணி நேரம் பறந்துவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருக்க மாட்டேன் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. தண்ணீர் குடித்தேன், பாராசூட்டைக் கழற்றினேன், திரையில் பதிவு நின்றதற்கான குறி வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கிளைடரையே நகர்த்தினோம்.

அடுத்தது பார்வையாளரின் சரிபார்ப்பு. லாகரின் சீரியல் எண், கிளைடரின் பதிவு எண், பெட்டி மேல் ஒட்டிய முத்திரை கிழியாமல் இருக்கிறதா என்பது. மூன்றையும் பார்த்து எழுதிக்கொண்டார். புறப்பட்ட நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் அவர் தன் குறிப்பில் தனியாக வைத்திருந்தார். ஃபைலில் இருக்கும் நேரத்தோடு அதை ஒப்பிடுவார். லாகர் சொல்வதை லாகருக்கு வெளியே இருக்கும் ஒரு மனிதர் உறுதி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. முத்திரை வெறும் ஸ்டிக்கர்தானே என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. மூடியைத் திறந்தால் அது விலகி, கையொப்பம் போடும் ரகசியச் சாவி அழிந்துவிடும். அதற்குப் பிறகும் லாகர் பதிவு செய்யும், தடமும் வரும், சரிபார்ப்பில் மட்டும் தேறாது. தயாரிப்பாளரிடம் அனுப்பித்தான் மறுபடி சாவி ஏற்ற முடியும்.

இனி கேபிள். இந்த இடத்தில்தான் அன்று அதிக நேரம் போனது.

புதிய கருவிகளில் இது பெரிய விஷயமே இல்லை. பென் டிரைவையோ எஸ்டி கார்டையோ செருகினால் ஃபைல் வந்துவிடும். சில கருவிகள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவை மட்டும்தான் படிக்கும் என்பதை நினைவில் வைத்தால் போதும். எங்கள் பெட்டி சீரியல் கேபிள் காலத்துடையது. ஒரு முனையில் பழைய தொலைபேசிக்குப் போடுவது போன்ற சதுர பிளக், மறுமுனையில் ஒன்பது ஊசி சீரியல் கனெக்டர். இப்போதைய லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது. அதனால் நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றி. மாற்றிக்கு ஒரு டிரைவர் மென்பொருள் தேவை. அது சரியாக ஏறினால்தான் விண்டோஸ் அதற்கு ஒரு காம் போர்ட் (சீரியல் இணைப்பு) எண் கொடுக்கும்.

விண்டோஸ் கொடுத்த எண் 7. பதிவிறக்கும் பழைய நிரலோ 1 முதல் 4 வரைதான் தெரிந்துகொள்ளும். ‘கருவி கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொன்னது, ஏன் என்று சொல்லவில்லை. இந்த மாதிரி நேரத்தில் கேபிளையும் லாகரையும் சந்தேகப்படத் தோன்றும். முதலில் பார்க்க வேண்டியது டிவைஸ் மேனேஜர். அங்கே அந்த போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய் எண்ணை 3 என்று மாற்றினோம். நிரலை மூடித் திறந்ததும் லாகரின் சீரியல் எண் திரையில் வந்தது. அக்கா தன் தாளில் எழுதியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுத் தலையசைத்தார்.

பயணங்களின் பட்டியல் வந்தது. அன்றைய பயணத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கத் தொடங்கினால் பாதியில் நின்றுபோனது. மறுபடி தொடங்கினோம், இந்த முறை இன்னும் சீக்கிரமே நின்றது. பிளக்கை உற்றுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சாக்கெட்டில் ‘டிக்’ என்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு வேரோடு உடைந்திருந்தது. பிளக் உள்ளேதான் இருந்தது, ஆனால் பிடிமானம் இல்லை. கேபிளின் எடைக்கே அது அரை மில்லிமீட்டர் கீழே சாய, ஓரத்து ஊசி தொடர்பை விட்டது. கட்டை விரலால் பிளக்கை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி காக்பிட் ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். லேப்டாப் இருக்கையில், அக்கா பக்கத்தில். பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்து நூறு சதவீதத்தைத் தொடும் வரை விரலை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு. நான்கு விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தால் ஆறு மணி நேரத்துக்கு 5,400 புள்ளிகள். ஒரு விநாடிக்கு ஒன்று என்றால் அதன் நான்கு மடங்கு. சீரியல் கேபிளில் நொடிக்கு 19,200 பிட் வேகம் என்றால் சுமார் 1,900 எழுத்துகள்தான் போகும். ஆகவே சில நிமிடங்கள் பிடிக்கும், அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த நேரத்தில் லேப்டாப் உறக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட வேண்டும். கிளைடரின் 12 வோல்ட் பேட்டரி நாள் முழுக்க உழைத்துக் களைத்திருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பதிவு மூடப்பட்டது உறுதியான பிறகு நாங்கள் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றை மாற்றிப் போட்டுத்தான் பதிவிறக்கவே தொடங்கினோம்.

நாளைக்குச் செய்துகொள்ளலாமே என்றார் கிளப் நண்பர் ஒருவர். கிளப் கிளைடரில் அது ஆபத்து. மெமரி நிறைந்தால் பழைய பயணத்தின் மேலேயே புதியதை எழுதும் கருவிகள் இருக்கின்றன. மறுநாள் வேறு யார் எவ்வளவு நேரம் பறப்பார்கள் என்பது என் கையில் இல்லை.

எங்கள் கருவியிலிருந்து முதலில் இறங்குவது பைனரி ஃபைல். அதை இன்னொரு நிரல் ஐஜிசி ஃபைலாக மாற்றும். இரண்டையுமே வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் மூலத்திலிருந்து மறுபடி மாற்றிப் பார்க்கலாம். அக்கா இரண்டையும் அங்கேயே தன் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டார். அது அவரிடம் இருக்க வேண்டிய பிரதி. நான் பின்னால் அனுப்பும் ஃபைலோடு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

ஐஜிசி ஃபைலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் அதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அது சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் அந்த வரி என்ன வகை என்று சொல்லும். ‘ஏ’ வரியில் தயாரிப்பாளரும் லாகரின் எண்ணும். ‘எச்’ வரிகளில் தேதி, விமானி பெயர், கிளைடர் வகை. ‘சி’ வரிகளில் நான் அறிவித்த பயணம், அறிவித்த நேரத்தோடு. அந்த நேரம் புறப்பாட்டுக்கு முன்னதாக இருக்கிறதா என்றுதான் அக்கா முதலில் பார்த்தார். அப்புறம் ஆயிரக்கணக்கில் ‘பி’ வரிகள். ஒவ்வொன்றிலும் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ‘ஏ’ அல்லது ‘வி’ என்று ஓர் எழுத்து, பிறகு இரண்டு உயரங்கள். ‘ஏ’ என்றால் முப்பரிமாண ஜிபிஎஸ் நிலை கிடைத்திருக்கிறது. ‘வி’ என்றால் உயரம் இல்லாத நிலையோ, ஜிபிஎஸ்ஸே இல்லாத நிலையோ. நேரம் எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

இரண்டு உயரங்களும் ஒத்துப்போகாததைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் உண்டு. முதலாவது காற்றழுத்த உயரம். அது எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான அழுத்தத்தை அடித்தளமாகக் கொண்டது. இரண்டாவது ஜிபிஎஸ் உயரம். அன்று கடல்மட்ட அழுத்தம் 1021 என்றால் அழுத்த உயரம் தரையிலேயே அறுபது மீட்டருக்கு மேல் குறைத்துக் காட்டும், ஏனென்றால் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ எட்டு மீட்டர். நல்ல தெர்மல் (மேலெழும் வெப்பக் காற்று) உள்ள சூடான நாளில் மேலே போகப்போக வித்தியாசம் இன்னும் கூடும், சூடான காற்று விரிந்திருப்பதால். இரண்டும் அச்சாக ஒத்துப்போனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

சில லாகர்கள் காக்பிட்டின் சத்த அளவையும் பதிவு செய்யும். ஈஎன்எல் என்பார்கள், 000 முதல் 999 வரை. மோட்டார் கிளைடரில் எஞ்சினை ஓட்டினாரா என்பதை இதிலிருந்து கண்டுபிடிப்பார்கள். காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சைடுஸ்லிப்பில், அதாவது பக்கவாட்டில் சறுக்கியபடி, இறங்கினாலும் எண் ஏறும், அதற்காகப் பதற வேண்டாம்.

கடைசியில் ‘ஜி’ வரிகள். பார்த்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். அதுதான் கையொப்பம். ஒரு ‘பி’ வரியில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. முத்திரையிட்ட பெட்டிக்குள் சாவியை வைத்துக் கையொப்பம் போடும் இந்தப் பாதுகாப்புதான் போன் ஆப்பில் இல்லாதது. 1990களின் நடுவில் இந்த லாகர்கள் வருவதற்கு முன், புகை படிந்த தாளில் ஊசி கோடு கிழித்து உயரத்தைப் பதியும் பாரோகிராஃபையும், திருப்புமுனையைப் படமெடுத்த கேமராவையும் பார்வையாளர் முத்திரையிட்டுத் தருவார். ஃபிலிமை வெட்டாமல் முழுச் சுருளாகக் கொடுக்க வேண்டியிருந்தது. நோக்கம் அன்றும் இதேதான்.

அதனால் ஃபைலை எடிட்டரில் திறந்து ‘சேவ்’ கொடுக்காமல், பார்ப்பதற்கென்று தனியாக ஒரு பிரதியை வைத்துக்கொண்டேன். மூலத்தை ஜிப் செய்து இணைப்பாகத்தான் அனுப்பினேன். அதற்கு முன் சரிபார்ப்பு நிரலில் ஓட்டிப் பார்த்தோம், தேறியது. பிறகு பகுப்பாய்வு மென்பொருளில் திறந்து மூன்று விஷயங்கள் பார்த்தோம். ஒவ்வொரு திருப்புமுனையையும் சுற்றி வரைந்த வட்டத்துக்குள்ளும் ஒரு புள்ளியாவது விழுந்திருக்கிறதா, தொடக்க உயரத்துக்கும் முடிவு உயரத்துக்கும் வித்தியாசம் 1000 மீட்டரைத் தாண்டவில்லையே, புள்ளிகளுக்கிடையே பெரிய இடைவெளி ஏதும் இல்லையே. இரண்டாவது திருப்புமுனையில் 500 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் விளிம்பை ஒட்டித்தான் திரும்பியிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது உள்ளே வரிசையாகப் புள்ளிகள். அக்கா ஒவ்வொன்றாக எண்ணினார்.

பழைய லாகர் வைத்திருப்பவர்கள் தேதியையும் பார்த்துவிடுங்கள். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது நடந்தது. புதுப்பிக்கப்படாத சில ரிசீவர்கள் தேதியை 7,168 நாள், அதாவது ஏறத்தாழ இருபது வருஷம், பின்னால் காட்டும். தேதியைக் கையால் திருத்தப் போகாதீர்கள், கையொப்பம் போய்விடும். அறிவிப்பையும் பார்வையாளரின் குறிப்பையும் வைத்து அப்படிப்பட்ட பதிவை ஏற்பார்களா என்று பேட்ஜ் அதிகாரியிடம் பறப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வதுதான் நல்லது.

விண்ணப்பத்தோடு கூடவே காற்றழுத்த உணரி சரியாக அளக்கிறது என்பதற்கான காலிபரேஷன் சான்றும் தேவைப்பட்டது. எங்கள் பெட்டியின் சான்று செல்லுபடியில் இருந்ததால் அதன் நகலை இணைத்தோம். படிவத்தில் அக்கா கையெழுத்திட்டார், பைனரியும் ஐஜிசியும் ஒரே ஜிப்பில் போயின. தூரமும் கோலும் இரண்டுமே ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. ஒரே 300 கிலோமீட்டரில் தங்க பேட்ஜின் தூரத்தையும் சேர்த்தே பெறலாம் என்பதால் அதையும் கேட்டிருந்தேன். கேபிளுக்குப் புதிய பிளக் மாட்டியாகிவிட்டது. காம் எண்ணும் வேகமும் எழுதிய சீட்டு ஒன்றை அதிலேயே கட்டி, கிளைடரின் லாக் புத்தகம் இருக்கும் பையில் வைத்திருக்கிறோம்.