பச்சைக் கோவணமும் கரை வேட்டியும்

தில்லியில் செய்தி நிறுவனத்தின் படப்பிரிவில் வேலை பார்ப்பவருக்குப் போராட்டம் காதில் விழுவதில்லை, கண்ணில்தான் படுகிறது. வந்திருப்பவர் யார், எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்பதைத் துண்டின் நிறத்தையும் வேட்டியின் கரையையும் வைத்துத்தான் நாங்கள் முதலில் அனுமானிப்போம்.

2017 மார்ச் 14 அன்று, வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் காவிரி மேலாண்மை வாரியமும் கேட்டு விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் ஜந்தர் மந்தரில் அமர்ந்தபோது, மண்டை ஓடும் வாயில் கவ்விய எலியும் இருந்த படங்களையே எங்கள் ஆசிரியர்கள் கேட்டார்கள். போராட்டம் நீடித்த 41 நாட்களும் "இன்று புதிதாக என்ன?" என்பதுதான் கேள்வி. "கோவணத்த ஒருத்தரும் பாக்க மாட்டேங்குறாங்களே, அண்ணே" என்று அலுத்துக்கொள்வார் பக்கத்து இருக்கைத் தஞ்சாவூர்க்காரர்.

அவர் அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. நாற்றுப் பறிக்கவும் வயல் வரப்பைச் செதுக்கி அண்டை வெட்டவும் கட்டுகிற கோவணம், வெள்ளையாக இருந்து சேற்றின் நிறத்துக்கு மாறிவிட்ட பழந்துணி. அங்கே கட்டியிருந்ததோ விவசாயச் சங்கத் துண்டின் பச்சை. படத்தைப் பெரிதாக்கினால் ஓரம் தைக்கப்படாமல் நூல் பிரிந்து தொங்குவதும், அரைஞாண் கயிற்றில் துணி இறுக்கிச் செருகப்பட்டிருப்பதும் தெரிந்தன. உழைக்கும்போது உடுத்துவதும், எல்லாம் போனபின் மிஞ்சுவதுமான அந்த ஒரு முழத் துணியைச் சங்கத்தின் நிறத்தில் கட்டிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு அருகே வந்து உட்கார்ந்ததே அவர்களின் மனு என்றுதான் நான் இன்றும் கருதுகிறேன். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதை ஆண்டுதோறும் படத்தோடு நினைவுகூரும் எங்கள் பிரிவுக்கு, இது வெறும் அரைநிர்வாணமாகத் தெரிந்தது. ஏப்ரல் 10 அன்று சிலர் அதையும் களைந்துவிட்டு ஓடிய பிறகுதான் உடையைப் பற்றிய பேச்சே எழுந்தது.

2025 மார்ச் 20 அன்று, தொகுதி மறுவரையறையை எதிர்த்து வாசகம் அச்சிட்ட டி-சர்ட்டுகளோடு திமுக உறுப்பினர்கள் மக்களவைக்கு வந்தார்கள். வேறு உடையில் வருமாறு சபாநாயகர் ஓம் பிர்லா சொன்னார், அவை ஒத்திவைக்கப்பட்டது. படக்குறிப்பு எழுத எங்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஏனென்றால் சட்டையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஆனால் அது உடம்பில் மாட்டிய பதாகை. பதாகைக்கு அவையில் தடை உண்டு. மற்ற நாட்களில் கட்சி நிறத்துக் கரை வேட்டியோடு உறுப்பினர்கள் உள்ளே போவதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. கறுப்பும் சிவப்பும் மட்டுமா, நடுவில் வெள்ளையும் உண்டா என்பதைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் என்று தமிழர் எவரும் சொல்லிவிடுவார். கரை பேசுவது தெரியாதவர்களுக்கு அது வெறும் வேட்டி. வாசகம் எழுதிய சட்டையைவிட இது கெட்டிக்காரத்தனம் என்பது என் எண்ணம்.

ஆகவே புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: தமிழக உறுப்பினர் நடந்து வரும் படத்தை இடுப்போடு வெட்டாதீர்கள், கணுக்கால் வரை விடுங்கள், கரை அங்கேதான் முழுதாகத் தெரியும்.