"இப்போது" என்று கருவியிடம் எப்படிச் சொல்வது?

கையசைவு, கண்பார்வை, குரல், தசைத் துடிப்பு என்று கணினியை இயக்கும் புது வழி ஒன்று அறிமுகமாகும்போதெல்லாம், அந்தக் கருவி நம்மை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது என்பதே பெருமையாகச் சொல்லப்படுகிறது. இத்துறையை ஆர்வத்தோடு பின்தொடர்ந்து வரும் எனக்கு அந்தப் பெருமையில் பாதி உடன்பாடுதான் உண்டு. கவனிப்பது பெரும்பாலும் தீர்ந்துவிட்ட சிக்கல். நம் அசைவுகளில் எது தனக்கான கட்டளை, எது வெறுமனே மூக்கைச் சொறிவதற்கான அசைவு என்று கருவி பிரித்தறிவதுதான் இன்னும் தீராமல் நிற்கிறது. ஒரு புது வழி நிலைப்பதும் காணாமற்போவதும் பெரிதும் அதைப் பொறுத்தே அமைகின்றன என்பது என் எண்ணம்.

மவுஸையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் 1964-இல் ஒரு சிறு மரப்பெட்டியில் உருக்கொடுத்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொது அரங்கில் காட்டப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குழுவினர் ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேசைக்கடியில் முழங்காலால் அசைக்கும் கருவி ஆகியவற்றையும் மவுஸோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். மேசைமேல் தள்ளினால் திரையில் குறி நகர்கிறது என்பதைத்தான் எல்லோரும் வியந்து பேசுகிறோம். ஆனால் அதன் மேலிருந்த பொத்தானுக்கும் அந்த வெற்றியில் சமபங்கு உண்டு. திரை முழுவதும் குறியை எவ்வளவு அலையவிட்டாலும் எதுவும் நடப்பதில்லை. விரல் அழுத்தும் அந்தக் கணத்தில்தான் கட்டளை பிறக்கிறது. சுட்டுவது வேறு, ஆணையிடுவது வேறு என்ற இந்தப் பிரிவினை நமக்கு அவ்வளவு பழகிவிட்டதால், அது ஒரு கண்டுபிடிப்பு என்பதே மறந்துவிட்டது.

தொடுதிரை அந்த இரண்டையும் ஒன்றாக்கியது. விரல் கண்ணாடியில் பட்டதே கட்டளை. அதற்கு முன்பு விரல் எங்கே தயங்கியது என்பது ஃபோனுக்குத் தெரியாது. இதற்கான விலையாகத்தான், பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படாமலிருக்க, காதருகே கொண்டுபோனவுடன் திரையை அணைக்கும் ஓர் உணரியைத் தனியாகப் பொருத்த வேண்டியிருக்கிறது. இருந்தும் தொடுதல் வெற்றி பெற்றது. கண்ணாடியைத் தொடுவது நாம் தற்செயலாக அடிக்கடி செய்யும் காரியமல்ல என்பதே போதுமான பாதுகாப்பாக இருந்தது.

கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஜேக்கப், கண்ணசைவால் கணினியை இயக்கிப் பார்த்துவிட்டு 1990-இல் எழுதிய கட்டுரையில், தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன கிரேக்க மன்னன் மைதாஸின் பெயரால் இந்தச் சிக்கலைக் குறிப்பிட்டார். கண் நொடிக்கு இரண்டு மூன்று முறை இடம் தாவுவது. பார்த்த இடமெல்லாம் திறந்துகொண்டால் திரையைப் படிக்கவே முடியாது. ஒரு பொருளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் அதைத் தேர்ந்ததாகக் கொள்ளலாம் என்பது ஒரு தீர்வு. அந்த நேரத்தைக் குறைத்தால் தவறுகள் கூடுகின்றன, கூட்டினால் பொறுமை போய்விடுகிறது. கை கால் அசைக்க முடியாதவர்களுக்கு இந்த முறை இன்றும் பெரும் துணையாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான எல்லையில் இருந்தது, உடல் செயலிழந்த இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் பயன்படுத்திய முறை. திரையில் ஒரு குறி எழுத்துகளின் மேல் தானாகவே நகர்ந்துகொண்டிருக்கும். வேண்டிய இடத்துக்கு அது வரும்போது அவர் கன்னத் தசையை லேசாக அசைப்பார். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அதைக் கண்டுகொள்ளும். அவர் எதையும் சுட்டவே இல்லை. "இப்போது" என்று மட்டுமே சொன்னார், அதைக்கொண்டே உரைகளையும் நூல்களையும் எழுதினார்.

கையசைவின் கதை இவற்றைவிட ஆரவாரமானது. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக 2010 நவம்பரில் வெளியிட்ட கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் வீசி, அவை பொருள்களின்மேல் விழும் கோலம் எப்படிப் பிறழ்கிறது என்பதைக்கொண்டு ஒவ்வொன்றின் தொலைவையும் கணித்தது. உடலின் மூட்டுகளைத் தொடர்ந்து கவனித்தது. முதல் 60 நாள்களில் 80 லட்சம் கருவிகள் விற்று கின்னஸ் சாதனையும் படைத்தது. நடனமாடவும் பந்து உதைக்கவும் அது நன்றாகவே உதவியது. விளையாட்டில் உடலசைவு எல்லாமே கட்டளைதான், பிரித்தறிய எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்து மெனு பட்டியலுக்கு வந்ததும் தொல்லை தொடங்கியது. ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கக் கையை நீட்டி, திரையில் ஒரு வட்டம் நிரம்பும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ரிமோட்டில் ஒரு நொடி கூடப் பிடிக்காத வேலை அது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற அடுத்த தலைமுறைக் கருவியோடு கட்டாயமாகச் சேர்த்து விற்கப்பட்ட கினெக்ட், அடுத்த ஆண்டே விரும்பினால் மட்டும் வாங்கும் பொருளாகிவிட்டது. 2017-இல் உற்பத்தியே நின்றுபோனது. உணரி தோற்றதால் இது நேரவில்லை. முதல் கினெக்ட்டின் ஆழமறியும் நுட்பத்தைத் தந்த இஸ்ரேலிய நிறுவனமான பிரைம்சென்ஸை 2013-இல் ஆப்பிள் வாங்கியது. 2017-இல் வந்த ஐஃபோன் எக்ஸ் அதே போன்ற புள்ளிகளை வீசித்தான் முகத்தை அடையாளம் காண்கிறது. அங்கேயும் பணம் செலுத்த முகம் மட்டும் போதாது, பக்கவாட்டுப் பொத்தானை இருமுறை அழுத்தச் சொல்கிறார்கள். பொத்தானின் அருமை தெரிந்தவர்கள்!

கூகுள் 2019-இல் பிக்சல் 4 ஃபோனில் ஒரு சிறு ரேடாரையே பொருத்தியது. ஃபோனைத் தொடாமல் மேலே கையை வீசினால் பாட்டு மாறும். அதற்குத் தேவையான 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி கிடைக்காததால் அந்த ஃபோன் இந்தியாவுக்கு வரவே இல்லை. அடுத்த பிக்சலில் ரேடார் இல்லை. நாம் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை.

குரலுக்கு வருவோம். பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்ளும் ஒலிபெருக்கிகள், காதில் விழும் ஒலியை ஓரிரு நொடி அளவுக்கு நினைவில் வைத்துத் தம் பெயரோடு ஒப்பிட்டபடியே இருக்கின்றன. பெயர் பொருந்தியதாகத் தோன்றினால்தான் அடுத்து வரும் பேச்சைத் தொலைதூரச் சர்வருக்கு அனுப்புகின்றன. பெயரைச் சொன்னவர் வீட்டுக்காரரா, தொலைக்காட்சியில் பேசுபவரா என்பது அவற்றுக்கு எப்போதும் தெரிந்துவிடுவதில்லை. 2014-இல் எக்ஸ்பாக்ஸ் விளம்பரம் ஒன்றில் நடிகர் சொன்ன கட்டளையைக் கேட்டுப் பார்வையாளர்களின் வீடுகளில் இருந்த கருவிகள் விழித்துக்கொண்டன. 2017-இல் பர்கர் கிங் நிறுவனம் வேண்டுமென்றே, கூகுளின் ஒலிபெருக்கியைத் தட்டியெழுப்பித் தன் பர்கரைப் பற்றிப் பேசவைக்கும் விளம்பரத்தை ஒளிபரப்பியது. என் அம்மா தொலைக்காட்சி ரிமோட்டில் மைக் படம் போட்ட பொத்தானை அழுத்தி, பழைய பாடல்களின் முதல் வரியைத் தமிழிலேயே சொல்லித் தேடுகிறார். இதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பெயர் சொல்லி அழைக்கும் ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும், "அப்ப நாம பேசுறதையெல்லாம் அது கேட்டுக்கிட்டேதான் இருக்குமா?" என்று கேட்டார். "பேரைச் சொல்றாங்களான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், அம்மா" என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ரிமோட்டில் தேடுவதோடு நிறுத்திக்கொண்டார். பொறியாளர்கள் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்கக்கூடிய அந்தப் பொத்தான்தான் அவருடைய கேள்விக்குச் சரியான விடை.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்த, தலையில் அணியும் கணினியான ஆப்பிள் விஷன் ப்ரோ, மவுஸின் பழைய பிரிவினையை மீட்டெடுத்ததாலேயே என் கவனத்தை ஈர்த்தது. கண் சுட்டுகிறது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேரும் சிறு கிள்ளல் ஆணையிடுகிறது. கீழ்நோக்கிய கேமராக்கள் இருப்பதால் கையை மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கினெக்ட் தந்த தோள்வலி இதில் இல்லை. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கிள்ளும்வரை நாம் எதைப் பார்க்கிறோம் என்பது எந்தச் செயலிக்கும் தெரிவிக்கப்படுவதில்லை என்று ஆப்பிள் கூறுகிறது. கடையில் எந்தப் பொருளின்மேல் கண் தங்கியது என்ற செய்திக்கு விளம்பரதாரர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், "இப்போது" என்ற அந்த எல்லைக்கோடு வசதிக்கானது மட்டுமல்ல, அந்தரங்கத்துக்கும் அதுவே வேலி என்பது விளங்கும்.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025-இல் தன் ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து விற்கத் தொடங்கிய மணிக்கட்டுப் பட்டை, கேமராவையும் விட்டுவிட்டு, விரல்களை அசைக்கும் தசைகளில் எழும் மின்குறிப்புகளைத் தோலின் மேலிருந்தே படிக்கிறது. அதே ஆண்டு அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, இத்தகைய பட்டையைக் கட்டிக்கொண்டு விரலால் எழுதுவதுபோல் அசைத்தே நிமிடத்துக்கு 20.9 சொற்கள் எழுத முடிந்திருக்கிறது. கை சட்டைப் பையில் இருந்தாலும் வேலை நடக்கும் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆனால், பையில் சாவியைத் துழாவும் விரலுக்கும் கட்டளையிடும் விரலுக்கும் இடையே வேறுபாடு காண வேண்டிய கடமை இந்தப் பட்டைக்கும் உண்டு.

மூளைக்குள் பதிக்கும் மின்முனைகளிலும் இதே கேள்விதான் எழுகிறது. பேச்சிழந்தவர்களுக்காக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2025-இல் செல் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட ஆய்வில், வாயசைக்க முயலாமல் மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட வாக்கியங்களை 74 சதவீதம் வரை துல்லியமாகப் படிக்க முடிந்தது. திரையில் தெரிந்த வட்டங்களை எண்ணச் சொன்னபோது, பங்கேற்றவர்கள் மனதுக்குள் ஓட்டிய எண்களும், யாரும் கேளாமலேயே, ஓரளவு அதில் பிடிபட்டன. அதனால் அவர்கள் ஒரு பூட்டையும் அமைத்தார்கள். பழைய சிறுவர் திரைப்படம் ஒன்றின் பெயரை மனதுக்குள் கடவுச்சொல்லாகச் சொன்னால் மட்டுமே கருவி கேட்கத் தொடங்கும். அந்தக் கடவுச்சொல்லை அது 98 சதவீதத்துக்கும் மேல் சரியாக அடையாளம் கண்டது. செய்திகள் பெரும்பாலும் மனத்தைப் படித்த வியப்பைத்தான் பேசின. இத்துறையில் அடுத்த ஆய்வு வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்தப் பூட்டைப் பற்றிய எண்ணைத்தான்.